பானக் குழாய்

(இக்கட்டுரை வாயுவூட்டிய பானங்களைக் கலனிலிருந்து வழங்குமுனைக்குக் கொண்டு செல்லும் குழாய் பற்றியது. உறிஞ்சிக் குடிக்கப் பயன்படும் குழல் பற்றி அறிய உறிஞ்சுகுழல் கட்டுரையைப் பார்க்க.)

பானக் குழாய் என்பது சோடா, குளிர்பானம், பீர் போன்ற வாயுவூட்டிய பானங்களை அழுத்தக் கலனிலிருந்து 'டேப்' எனப்படும் வழங்குமுனைக்குக் கொண்டு செல்லும் நெகிழ்வான குழாய் ஆகும். கடை வழக்கில் இது 'டியூப்' என்றும் 'ஹோஸ்' என்றும் அழைக்கப்படுகிறது. மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்போர் 'கெக்' எனப்படும் எஃகுக் கலனுடன் இதைப் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் (ஸ்ரீவில்லிபுத்தூர்) போன்ற ஊர்களில் இத்தகைய குழாய்கள் சோடாக் கடைகளில் பயன்படுகின்றன. பானம் எதுவாயினும் குழாயைத் தேர்ந்தெடுக்கும் அறிவியல் ஒன்றே. குழாயின் உள்விட்டம், நீளம், மூலப்பொருள், அழுத்தம் தாங்கும் திறன் ஆகிய நான்கும் பானத்தின் சுவையையும் பயன்படுத்துவோரின் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன.

அமைப்பு

வாயுவூட்டிய பானம் வழங்கும் அமைப்பில் பொதுவாக ஐந்து உறுப்புகள் உள்ளன.

1. கார்பன் டை ஆக்சைடு எனப்படும் கரியமில வாயு அடைக்கப்பட்ட உருளை (சிலிண்டர்).
2. உருளையின் உயர் அழுத்தத்தைக் குறைக்கும் சீராக்கி (ரெகுலேட்டர்).
3. சீராக்கியிலிருந்து கலனுக்குச் செல்லும் வாயுக் குழாய்.
4. பானம் நிரம்பிய அழுத்தக் கலன்.
5. கலனிலிருந்து வழங்குமுனைக்குச் செல்லும் பானக் குழாய்.

வாயுக் குழாயும் பானக் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் பணி வேறு. வாயுக் குழாய் கசிவின்றி அழுத்தத்தைத் தாங்கினால் போதும். பானக் குழாயோ அழுத்தத்தைத் தாங்குவதுடன், பானம் வெளிவரும் முன்பாக அவ்வழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் வேண்டும். பானத்தில் எவ்விதச் சுவையையும் நஞ்சையும் சேர்க்காமலும் இருக்க வேண்டும்.

வரலாறு

இங்கிலாந்தின் லீட்சு நகரில் மதுவடிப்பாலை ஒன்றின் அருகில் வாழ்ந்த சோசப்பு பிரீசிட்லி, 1767 ஆம் ஆண்டில் நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிய வாயுவை நீரில் கரைத்துச் சோடா நீரை உருவாக்கினார். 1783 இல் செனீவாவில் யாக்கோபு சுவெப்பு இதனை வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கினார். 1870களில் ஆங்கிலேயரான ஐராம் காடு, கண்ணாடிக் கோலியால் மூடப்படும் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் கோலி சோடா எனப்படுவது இப்புட்டியில் அடைக்கப்படும் சோடாவே.

வீட்டுப் பீர் கலன்களின் வரலாறும் குளிர்பானத் தொழிலுடன் தொடர்புடையது. 'கார்னிலியசு கலன்' எனப்படும் ஏறத்தாழ 19 லீட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கலன், குளிர்பான நிறுவனங்கள் இனிப்புக் கரைசலைக் கடைகளுக்கு அனுப்பப் பயன்படுத்தியதாகும். பின்னர் அந்நிறுவனங்கள் அட்டைப்பெட்டிக்குள் வைத்த நெகிழிப் பைகளுக்கு மாறியதால், கைவிடப்பட்ட கலன்கள் குறைந்த விலைக்கு வீட்டுத் தயாரிப்பாளர்களின் கைக்கு வந்தன. ஐக்கிய இராச்சியத்தில் சொந்தப் பயன்பாட்டிற்கான பீர் தயாரிப்புக்கு உரிமம் தேவை என்ற நிலை 1963 இல் நீங்கியது; அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அதற்கான தடை 1979 இல் நீங்கியது.

அழுத்தமும் வெப்பநிலையும்

ஒரு நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு, அந்நீர்மத்தின் மேலுள்ள அவ்வாயுவின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது 1803 இல் வெளியான என்றியின் விதி ஆகும். வெப்பநிலை உயர உயரக் கரையும் அளவு குறையும். ஒரு லீட்டர் நீரில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 5 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1.4 லீட்டர் கரியமில வாயு கரையும். 20 பாகையில் 0.88 லீட்டரும், 35 பாகையில் 0.59 லீட்டரும் மட்டுமே கரையும்.

காரமான சோடாவில் ஒரு லீட்டருக்கு ஏறத்தாழ 4 லீட்டர் வாயு கரைந்திருக்கும். பீரில் இது ஏறத்தாழ 2.5 லீட்டர் ஆகும். இவ்வளவு வாயுவைக் கரைந்த நிலையில் வைத்திருக்க, அழுத்தமானி காட்ட வேண்டிய அழுத்தம் தோராயமாகப் பின்வருமாறு அமையும்.

5 பாகை: சோடாவிற்கு 1.8 பார், பீருக்கு 0.8 பார்
20 பாகை: சோடாவிற்கு 3.5 பார், பீருக்கு 1.8 பார்
35 பாகை: சோடாவிற்கு 5.8 பார், பீருக்கு 3.2 பார்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கோடைப் பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டுவது வழக்கம். எனவே குளிரூட்டப்படாத கலனில் வைத்த அதே சோடா, குளிர்பெட்டியில் வைத்ததைப் போல் மூன்று மடங்கு அழுத்தத்தைக் குழாயின் மீது செலுத்தும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட அளவுகளை அப்படியே பின்பற்றினால் இவ்வேறுபாடு கணக்கில் வராமல் போகும்.

இத்துடன், நெகிழிக் குழாய்களின் மீது அச்சிடப்படும் அழுத்த அளவு பொதுவாக 20 பாகையை ஒட்டிய வெப்பநிலைக்கு உரியது. வெப்பம் கூடும்போது நெகிழி இளகி அதன் தாங்குதிறன் குறைகிறது. ஆக, கோடையில் பானத்தின் அழுத்தம் கூடும் அதே வேளையில் குழாயின் வலிமை குறைகிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கருதியே குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்விட்டமும் நீளமும்

வாயுவூட்டிய பானம் கலனில் உள்ள அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்திற்குத் திடீரென வந்தால், கரைந்துள்ள வாயு ஒரே நேரத்தில் பிரிந்து நுரையாகும். குவளையில் நுரை நிரம்பும். எஞ்சிய பானம் காரமின்றிச் சப்பென்று இருக்கும். சிலர் இதைத் தவிர்க்கச் சீராக்கியில் அழுத்தத்தைக் குறைப்பர். அப்போது கலனுக்குள்ளேயே வாயு பிரிந்து, சில நாட்களில் பானம் முழுவதும் காரம் இழக்கும்.

இதற்கான தீர்வு குழாயிலேயே உள்ளது. குறுகலான நீண்ட குழாயில் பாயும் நீர்மம், குழாய்ச் சுவருடன் ஏற்படும் உராய்வினால் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. கலனின் அழுத்தம் முழுவதும் குழாயின் நீளத்திலேயே செலவாகுமாறு அமைத்தால், பானம் வழங்குமுனையை அமைதியாக வந்தடையும். எனவே ஒடுங்கிய குழாயின் தடை இங்கு குறைபாடன்று. பானத்தில் வாயுவைத் தக்கவைப்பதே அதுதான்.

இத்தடை உள்விட்டத்தைப் பெரிதும் சார்ந்தது. பானக் குழாயில் ஓட்டம் கொந்தளிப்பானதாக இருக்கும். அந்நிலையில், அதே அளவு நீர்மம் பாயும்போது உள்விட்டத்தைப் பாதியாக்கினால் தடை ஏறத்தாழ 27 மடங்கு கூடும். நீளத்தை இரட்டித்தாலோ தடை இரு மடங்கே ஆகும்.

எடுத்துக்காட்டாக, 300 மில்லிலீட்டர் குவளை 5 நொடிகளில் நிரம்ப வேண்டுமெனில் நொடிக்கு 60 மில்லிலீட்டர் பாய வேண்டும். 5 பாகை வெப்பநிலையுள்ள நீர் வழுவழுப்பான குழாயில் இவ்வேகத்தில் பாய்வதாகக் கணக்கிட்டால், 1.8 பார் அழுத்தத்தைச் செலவிடத் தேவையான நீளம் பின்வருமாறு:

உள்விட்டம் 4 மி.மீ.: மீட்டருக்கு 0.85 பார் இழப்பு. தேவையான நீளம் ஏறத்தாழ 2 மீட்டர்
உள்விட்டம் 4.8 மி.மீ.: மீட்டருக்கு 0.36 பார் இழப்பு. ஏறத்தாழ 5 மீட்டர்
உள்விட்டம் 6 மி.மீ.: மீட்டருக்கு 0.12 பார் இழப்பு. ஏறத்தாழ 15 மீட்டர்

0.8 பார் அழுத்தத்தில் உள்ள பீருக்கு 4.8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். ஆனால் வீட்டுப் பயன்பாட்டில் பானம் மெதுவாக வருவதையே பலர் விரும்புவதால் 3 மீட்டர் வரை வைப்பதுண்டு. வழங்குமுனை கலனை விட உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் 0.1 பார் தானாகவே குறையும். அதற்கேற்பக் குழாயைச் சுருக்கலாம்.

குறுகிய குழாய்க்கு மற்றொரு நன்மையும் உண்டு. 4.8 மி.மீ. குழாய் 5 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 90 மில்லிலீட்டர் பானத்தைத் தேக்கி வைக்கும், 4 மி.மீ. குழாய் 2 மீட்டரில் 25 மில்லிலீட்டரையே தேக்கும். குழாயில் தேங்கி வெப்பமடைந்த பானமே முதற் குவளையில் நுரையாக வருகிறது. இதனால் வெப்பமான ஊர்களில் குழாயைச் சுருட்டிக் குளிர்பெட்டிக்குள்ளேயே வைப்பதும், வெளியில் தெரியும் பகுதிக்கு நுரைநெகிழி உறை இடுவதும் நல்லது.

மூலப்பொருட்கள்

மென் பி.வி.சி. குழாய்: ஒளி ஊடுருவக்கூடியது, விலை குறைவு, எளிதில் வளையும். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்கத் தாலேட்டு போன்ற நெகிழ்வூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. இவை கொழுப்பிலும் மதுசாரத்திலும் கரைந்து பானத்தில் கலக்கக்கூடியவை. ஆகவே தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் பி.வி.சி. குழாயைப் பானத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. உணவுடன் தொடும் பி.வி.சி.க்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10151 ஆகும்.

பாலித்தீன் குழாய்: சற்று விறைப்பானது, நெகிழ்வூட்டி தேவைப்படாதது, பானத்தின் மணத்தைக் குறைவாகவே உறிஞ்சும். உணவுடன் தொடும் பாலித்தீனுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10146 ஆகும். வீடுகளில் உள்ள ஆர்.ஓ. நீர்த் தூய்மிப்பானில் காணப்படும் கால் அங்குல வெள்ளைக் குழாய் இவ்வகையினதே. கால் அங்குலம் என்பது அதன் வெளிவிட்டம். உள்விட்டம் 4 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருக்கும். சிற்றூர்க் கடைகளிலும் எளிதில் கிடைப்பதால் இது கவனத்திற்குரியது. எனினும் அதன் மீது அச்சிடப்பட்டுள்ள அழுத்த அளவைப் பார்த்தே பயன்படுத்த வேண்டும்.

தடுப்புப் படலக் குழாய்: பாலித்தீனுடன் எத்திலீன் வினைல் ஆல்ககால் போன்ற, வாயு எளிதில் ஊடுருவாத படலம் சேர்க்கப்பட்ட பல அடுக்குக் குழாய். பீர் ஆக்சிசனால் எளிதில் கெடுவதால் அதற்கு இது சிறந்தது. சோடாவிற்கு இது கட்டாயமன்று.

சிலிக்கோன் குழாய்: வெப்பத்தைத் தாங்கும், மிக மென்மையானது. ஆனால் ஆக்சிசன் இதன் சுவர் வழியே பாலித்தீனைக் காட்டிலும் நூறு மடங்குக்கும் மேல் ஊடுருவும். இழைவலுவூட்டல் இல்லாத சிலிக்கோன் குழாய் அழுத்தத்தில் பலூன் போல் உப்பும். ஆகவே அழுத்தமற்ற சூடான நீர்மங்களுக்கே இது ஏற்றது.

துருப்பிடிக்கா எஃகு: பானத்துடன் வினைபுரியாது. எளிதில் வளைக்க இயலாமையாலும் விலையாலும் பெரும்பாலும் குறுகிய பகுதிகளுக்கே பயன்படுகிறது.

செம்பும் பித்தளையும்: செம்புப் பாத்திரத்தில் குடிநீர் வைப்பது தமிழர் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் சோடா நீர் அமிலத்தன்மை கொண்டது, அதன் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) 4ஐ ஒட்டி இருக்கும். இது செம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மிகுதியான செம்பு கலந்த பானம் குமட்டலையும் வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். குடிநீரில் செம்பு லீட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். ஆகவே சோடா, எலுமிச்சைச் சாறு, பீர் ஆகியவற்றின் பாதையில் செம்புக் குழாயோ பித்தளை இணைப்போ இருக்கக் கூடாது. சோடா இயந்திரத்திலிருந்து பானம் பின்னோக்கிப் பாய்ந்து செம்பு நீர்க்குழாயை அடைவதைத் தடுக்க ஒருவழித் தடுக்கிதழும் தேவை.

வாயுக் குழாயும் பாதுகாப்பும்

கரியமில வாயு உருளையில் அழுத்தம் 20 பாகையில் ஏறத்தாழ 57 பார் ஆகும். 30 பாகையில் 72 பார். 31 பாகையைக் கடந்தால் உருளைக்குள் நீர்ம நிலை என்பதே இராது. அழுத்தம் மேலும் விரைந்து உயரும். இராஜபாளையத்தின் கோடையில் வெயிலில் நிறுத்தப்பட்ட உருளை இந்நிலையை எளிதில் அடையும். நெகிழிப் பானக் குழாய்கள் இவ்வழுத்தத்தைத் தாங்கா. எனவே சீராக்கி இல்லாமல் உருளையைக் கலனுடன் இணைப்பது உயிருக்கு ஆபத்தானது. உருளையை நிழலில், சாயாதவாறு சங்கிலியால் கட்டி, நிமிர்த்தி வைக்க வேண்டும்.

வாயுக் குழாய்க்கு இழைவலுவூட்டிய தடித்த குழாய் ஏற்றது. சமையல் எரிவாயுக்குரிய இரப்பர்க் குழாய் வேறு பயனுக்கானது. அதை இங்கு பயன்படுத்தலாகாது. கரியமில வாயு காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆதலால் மூடிய சிறு அறைகளில் உருளையை வைக்கக் கூடாது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது கசிவைக் கண்டறியும் எளிய முறை.

இராஜபாளையம் - திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில்

விருதுநகர் மாவட்டத்திற்குச் சோடாத் தொழிலில் நீண்ட வரலாறு உண்டு. பொவண்டோ பானத்தைத் தயாரிக்கும் காளிமார்க் நிறுவனம் 1916 இல் விருதுநகரில் தொடங்கப்பட்டது. பொவண்டோ 1958 இல் அறிமுகமானது. தென் மாவட்டங்களில் நிறமூட்டிய இனிப்புச் சோடா 'கலர்' என்றே அழைக்கப்படுகிறது. பன்னீர் சோடா, இஞ்சி சோடா, எலுமிச்சைச் சோடா ஆகியன பிற வகைகள்.

சோடாத் தயாரிப்பில் இருவகை இயந்திரங்கள் உள்ளன. கோலி சோடாவிற்கான கைச்சுழற்சி இயந்திரத்தில், நீர் ஊற்றிய புட்டியைப் பொருத்தி வாயுவைச் செலுத்திச் சுழற்றுவர். புட்டி கவிழும்போது கோலி கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தில் அமர்ந்து, வாயுவின் அழுத்தத்தால் அங்கேயே நிற்கும். இதில் குழாய் வாயுவை மட்டுமே கொண்டு செல்வதால் வலிமையே முதன்மையானது. குளிரூட்டாத நீரில் காரம் ஏற உயர் அழுத்தம் தேவைப்படுவதால், புட்டி வெடிக்கும் வாய்ப்பும் உண்டு. அதனால் இயந்திரத்திற்குக் கம்பிக் கூண்டும், இயக்குபவருக்குக் கண்ணாடிக் கவசமும் இன்றியமையாதவை.

'பவுண்டன்' எனப்படும் இரண்டாம் வகை இயந்திரம், குளிரூட்டிய நீரில் வாயுவைக் கலந்து, பல சுவைகளில் வழங்குமுனை வழியே நேராகக் குவளையில் ஊற்றும். இதன் அமைப்பு வீட்டுப் பீர் கலனை ஒத்தது. உள்விட்டம், நீளம் பற்றி மேலே கூறியவை இதற்கு முழுமையாகப் பொருந்தும்.

திருவில்லிபுத்தூர் பால்கோவாவிற்கும் பெயர் பெற்றது. இதற்கு 2019 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பால் கொண்டு செல்லும் குழாயின் தேவைகள் வேறானவை. பாலின் கொழுப்பு நெகிழ்வூட்டிகளைக் கரைக்கும் என்பதாலும், சூடான காரக் கரைசலால் கழுவ வேண்டியிருப்பதாலும் அதற்கு எஃகும் உணவுத்தரச் சிலிக்கோனுமே ஏற்றவை. சோடாவிற்கு ஒவ்வாத சிலிக்கோன் பாலுக்குப் பொருந்துவது, 'எல்லாவற்றிற்கும் ஒரே குழாய்' என்பது இல்லை என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

சட்ட நிலை

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. இது பீருக்கும் பொருந்தும். எனவே இராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ வீட்டில் பீர் தயாரிக்க இயலாது. கலன், குழாய், சீராக்கி ஆகியவற்றைச் சோடாவிற்குப் பயன்படுத்துவது இச்சட்டத்தின் கீழ் வராது. விற்பனைக்குச் சோடா தயாரிப்போர் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 இன்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. பானத்தின் வகையையும் அது கடக்கக்கூடிய உச்ச வெப்பநிலையையும் குறித்து, அதற்குரிய அழுத்தத்தைக் கண்டறிய வேண்டும்.
2. அவ்வழுத்தத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தாங்கக்கூடியதும், உணவுத்தரக் குறியீடு அச்சிடப்பட்டதுமான குழாயை வாங்குவது பாதுகாப்பானது.
3. உள்விட்டத்தை 4 முதல் 5 மி.மீ.க்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் கூறும் அளவு உள்விட்டமா வெளிவிட்டமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.
4. கணக்கிட்டதை விட அரை மீட்டர் கூடுதலாக வாங்கி, பானம் மிக மெதுவாக வந்தால் சிறிது சிறிதாக வெட்டிக் குறைக்கலாம். குறைந்த நீளத்தைக் கூட்ட இயலாது. இடையில் இணைத்தால் அவ்விணைப்பிலேயே நுரை உண்டாகும்.
5. குழாயின் முனையை நேராக வெட்ட வேண்டும். மென் பி.வி.சி. முனையை வெந்நீரில் நனைத்தால் இணைப்பில் எளிதில் ஏறும்; பின்னர் எஃகுப் பட்டையால் இறுக்க வேண்டும்.

துப்புரவும் மாற்றமும்

இனிப்புக் கலந்த பானம் குழாயில் தேங்கினால் ஈசுட்டும் பூஞ்சணமும் வளரும். மதுவகங்களில் பீர் குழாய்களை இரு வாரங்களுக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவுவது பரவலான நடைமுறை. வெப்பமான ஊர்களில் இனிப்புச் சோடாக் குழாய்களை இதனினும் அடிக்கடி கழுவுவது நன்று. கழுவிய பின் கரைசல் எஞ்சாதவாறு தூய நீரை மிகுதியாகச் செலுத்த வேண்டும்.

மென் பி.வி.சி. குழாய் இஞ்சி, பன்னீர் போன்றவற்றின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும் அம்மணம் முழுதாக நீங்காது. எனவே ஒவ்வொரு சுவைக்கும் தனிக் குழாய் வைக்க வேண்டும். குழாய் மஞ்சளித்தாலோ, விறைத்தாலோ, உட்புறம் கலங்கலாகத் தெரிந்தாலோ, இணைப்பருகே வெடிப்புக் கண்டாலோ உடனே மாற்றுவது நல்லது. அமைப்பின் உறுப்புகளில் விலை குறைந்தது குழாயே. பழுதடைந்தால் குடிப்பவரையும் கடையில் நிற்பவரையும் முதலில் பாதிப்பதும் அதுவே.

இவற்றையும் பார்க்க

கோலி சோடா
கார்பன் டை ஆக்சைடு
என்றியின் விதி
திருவில்லிபுத்தூர் பால்கோவா
விருதுநகர் மாவட்டம்